ஊர் திரும்பிய வாத்தியார்

1937 ஜூலை 7 அன்று நியூயார்க்கில் கவுன்ட் பேஸியின் குழு டெக்கா கம்பெனிக்காக ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தது. ‘ஒன் ஓ’க்ளாக் ஜம்ப்’ என்று பெயர். அமெரிக்க ஜாஸில் இன்றுவரை உலகம் முழுவதும் வாசிக்கப்படும் உருப்படிகளில் அதுவும் ஒன்று. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் இயற்றியவர் பேஸி என்று இருந்தது. பேஸி பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உருப்படியை யாரும் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. அது நியூயார்க்கில் பிறக்கவும் இல்லை.

கான்சஸ் சிட்டியில் ரீனோ கிளப் என்று ஒரு சின்ன மதுக்கூடம். விடிய விடிய வாசித்துக் களைத்த ஒரு ராத்திரியில், பேஸி பியானோவில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆல்டோ சாக்ஸபோன் வைத்திருந்தவர் அதற்கு ஏற்ற ஒரு துண்டை எடுத்துச் சாக்ஸபோன்காரர்களிடம் கொடுத்தார். டிரம்பெட் வாசித்த ஹாட் லிப்ஸ் பேஜ் மேலே ஒரு பதிலைப் போட்டார். பாட்டு தயார். அவர்கள் அதற்கு முதலில் வைத்த பெயர் வானொலியில் சொல்லக் கூச வைக்கும் பெயர். அதனால் அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து மணியையே பெயராக்கினார் என்பது ஜாஸ் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை.

துண்டு எடுத்துக் கொடுத்த அந்த ஆல்டோகாரரின் பெயர் ஹென்றி ஸ்மித். பஸ்டர் ஸ்மித் என்று ஊர் கூப்பிட்டது. கூட வாசித்தவர்கள் ‘புரொஃப்’ என்றார்கள். வாத்தியார் என்பதுதான் அதற்கு அர்த்தம். இசைத்தட்டு பதிவானபோது அவர் அந்தக் குழுவில் இல்லை. அதற்கு முன்பே, தானாக முடிவெடுத்து விலகியிருந்தார். அந்த முடிவை ஜாஸ் வரலாறு ஒரு பெரிய வாய்ப்பைத் தவறவிட்டவரின் கதையாகச் சொல்லிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுதான்.

டெக்சஸ் மாநிலத்தில் டல்லஸுக்குத் தெற்கே எல்லிஸ் கவுண்டி. கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசலும் பருத்தியுமாக இருந்த பகுதி. அங்கே ஆல்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் 1904 ஆகஸ்ட் 24 அன்று பஸ்டர் பிறந்தார். வீட்டில் ஒரு பழைய ஆர்கன் இருந்தது. அண்ணனோ தம்பியோ யாராவது ஒருவர் வாசிக்க, மற்றவர் காற்றுக்கு மிதியை அழுத்தித் தந்து இரண்டு பிள்ளைகளாக இசையைப் பழகினார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு கிளாரினெட் மீது ஆசை வந்தது. விலை மூன்றரை டாலர். பருத்தி எடுத்த கூலியில் அதை வாங்கினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. விரலுக்கு எது கிடைத்ததோ அதுவே பாடம்.

1922இல் டல்லஸுக்கு வந்தார். நகரத்தின் ரயில் பாதையை ஒட்டி டீப் எல்லம் என்று ஒரு பகுதி. அடகுக் கடை, மதுக்கூடம், நாடகக் கொட்டகை, நடைபாதைப் பாடகர் என்று கறுப்பின மக்களின் கேளிக்கை உலகம் முழுக்க அங்கே இருந்தது. பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் பாடிய தெருக்கள் அவை. பஸ்டருக்கு அங்கே கிடைத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று மருந்து வியாபாரிகளோடு. ஊர் ஊராகப் போய் ‘சர்வரோக நிவாரணி’ விற்பவர்கள் கூட்டம் சேர்க்க வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கி கிடையாது. தெரு முனையில் நிற்பவனின் காதில் விழும்படி ஊதியாக வேண்டும். பஸ்டரின் நாதத்துக்கு ஒரு கனமும் நீளமும் வந்தது இந்தத் தெரு வேலையில்தான் என்று நான் நம்புகிறேன். கூட்டத்தை நிற்க வைக்கத் தெரியாத ஊதலுக்கு அங்கே சாப்பாடு இல்லை.

1925இல் ஓக்லஹாமா சிட்டியின் ‘ப்ளூ டெவில்ஸ்’ குழுவில் சேர்ந்தார். அங்கிருந்துதான் உண்மையான கதை தொடங்குகிறது.

1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் தென்மேற்கில் இப்படிப்பட்ட குழுக்கள் நிறைய இருந்தன. ‘டெரிட்டரி பேண்ட்’ என்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமை ஊர், அதைச் சுற்றி ஒரு வட்டாரம். டல்லஸில் அல்ஃபோன்ஸோ டிரென்ட், சான் ஆன்டோனியோவில் டிராய் ஃபிளாய்ட், கான்சஸ் சிட்டியில் பென்னி மோட்டன், ஜார்ஜ் லீ, ஒமாஹாவில் நாட் டவுல்ஸ் என்று ஆளுக்கு ஒரு சீமை. எண்ணெய் எடுத்த ஊர்கள், கோதுமை ஊர்கள், பருத்தி ஊர்கள் எல்லாவற்றிலும் சனிக்கிழமை நடனம் உண்டு. நம்மூரில் ஒரு வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களை நம்பி ஓடும் நாதஸ்வர செட்டுக்கு எது முதலோ, இவர்களுக்கும் அதுவே முதல்: போன வருஷம் கேட்ட ஊர்க்காரர்களின் காது. இசைத்தட்டு அவர்களைத் தேடி வந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். பதிவுக்கூடங்கள் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருந்தன. எப்போதாவது கம்பெனிக்காரர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

டல்லஸிலிருந்து ஓக்லஹாமா சிட்டி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கான்சஸ் சிட்டி இன்னும் ஐந்நூறுக்கு மேல். பாதி சாலை மண். காரில் ஆளும் வாத்தியமும் அடைத்துக்கொண்டு போய், இரவு ஒரு மணி இரண்டு மணி வரை வாசித்துவிட்டு, அப்படியே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். கறுப்பினத்தவர் என்பதால் வெள்ளையர் ஓட்டலில் அறை கிடையாது. உணவகத்தின் பின்வாசலில் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம், உள்ளே உட்கார முடியாது. அந்தந்த ஊரின் கறுப்பினக் குடும்பங்கள்தான் இடம் கொடுத்தன. வெள்ளையர் நடனம் ஒருநாள், கறுப்பினத்தவர் நடனம் வேறொரு நாள். சில கூடங்களில் இரண்டு தரப்பும் வந்தால் நடுவில் கயிறு கட்டினார்கள். கயிற்றின் இருபக்கமும் ஒரே தாளத்துக்குத்தான் ஆடியிருக்கிறார்கள்.

ப்ளூ டெவில்ஸின் தலைவர் வால்டர் பேஜ், பேஸ் வாத்தியக்காரர். குழுவில் முதலாளி என்று யாரும் இல்லை. வந்த பணத்தில் பெட்ரோலும் சாப்பாடும் போக மீதியைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த முடிவுக்கும் ஓட்டெடுப்பு. ஒருவர் வீட்டில் கஷ்டம் என்றால் பொதுப் பணத்திலிருந்து முதலில் அவருக்குப் போகும். ஜிம்மி ரஷிங் பாடினார், எடி டர்ஹாம் டிராம்போனும் கிதாரும் வாசித்தார், ஹாட் லிப்ஸ் பேஜ் டிரம்பெட். 1927இல் துல்சா நகர ஓட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பியானோக்காரர், வெளியே கேட்ட சத்தத்தை லூயி ஆம்ஸ்டிராங்கின் இசைத்தட்டு என்று நினைத்து எழுந்து வந்து பார்த்தாராம். தெருவில் ஒரு வண்டிமேல் நின்று, ராத்திரி நடனத்துக்கு விளம்பரமாக வாசித்துக்கொண்டிருந்தது ப்ளூ டெவில்ஸ். அந்தப் பியானோக்காரர்தான் பேஸி. மறு வருஷம் அவரும் குழுவில் ஒருவர். தன் சுயசரிதையில் அந்தக் காலையைப் பற்றிப் பேஸி மனம் நிறைந்து எழுதியிருக்கிறார்.

ஓக்லஹாமா சிட்டியில் ஸ்லாட்டர்ஸ் ஹாலில் இவர்களைக் கேட்டு வளர்ந்த பையன்களில் ஒருவர் ரால்ஃப் எல்லிசன். ‘இன்விசிபிள் மேன்’ நாவலால் 1952இல் உலகப் புகழ் பெற்றவர். வாத்தியக் கலைஞனின் ஒழுங்கு, பயிற்சி, தன்மானம் என்று அவர் பிற்காலக் கட்டுரைகளில் எழுதியதற்கெல்லாம் வேர் அந்தக் கூடத்தில் இருக்கிறது.

இத்தனை வருஷம் ஓடிய குழு பதிவு செய்தது எத்தனை பாட்டு தெரியுமா? இரண்டே இரண்டு. 1929 நவம்பரில் கான்சஸ் சிட்டிக்கு வோகேலியன் கம்பெனி வந்தபோது ‘ப்ளூ டெவில் ப்ளூஸ்’, ‘ஸ்குவாப்ளின்’ என்று ஒரு தட்டின் இரண்டு பக்கம். ஆறு நிமிஷத்தைக் கொஞ்சம் ஒட்டியோ தாண்டியோ, அவ்வளவுதான் மிச்சம். ‘ஸ்குவாப்ளின்’ தட்டில் பஸ்டரின் ஆல்டோ வரும் இடத்தைக் கேட்கும்போது தெரிகிறது. மற்றவர்கள் தாளத்தின் மேல் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இவர் தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்து, வாக்கியத்தை நீட்டி, மூச்சு முடியும் இடத்தில் முடிக்காமல் தாண்டிப் போகிறார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து உலகத்தை ஆச்சரியப்படுத்தப்போகும் ஒரு பாணியின் விதை அங்கே கிடக்கிறது.

பென்னி மோட்டனிடம் பணம் இருந்தது, பதிவு ஒப்பந்தமும் இருந்தது. ப்ளூ டெவில்ஸிலிருந்து ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார். பேஸியும் டர்ஹாமும் போனார்கள். ரஷிங் போனார். ஹாட் லிப்ஸ் போனார். 1931இல் வால்டர் பேஜே போய்விட்டார். பஸ்டர் மட்டும் குழுவைக் கையில் வைத்துக்கொண்டு புது ஆட்களைச் சேர்த்தார். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் லெஸ்டர் யங். டெனர் சாக்ஸபோன் வரலாற்றையே மாற்றிய பெயர் அது.

சமபங்குக் குழுவுக்கு ஒரு பலவீனம் உண்டு. சின்சினாட்டி வானொலி நிலையத்தில் ஃபேட்ஸ் வாலரோடு சேர்ந்து வாசிக்கும் வேலை ஒன்று வாசல்வரை வந்தது. சம்பளம் போதுமா போதாதா என்று ஓட்டெடுப்பு நடந்து, வாய்ப்பு கைநழுவியதைப் பஸ்டர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி வேறு. 1933இல் மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். வசூல் இல்லை, கடன் ஏறியது, கடனுக்கு வாத்தியங்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வாத்தியம் இல்லாத வாத்தியக்காரர்களாகச் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ப்ளூ டெவில்ஸ் அதோடு முடிந்தது.

எஞ்சியவர்களைப் பென்னி மோட்டனே சேர்த்துக்கொண்டார். 1935 ஏப்ரலில் தொண்டையில் ஒரு சிறு அறுவை சிகிச்சையின்போது மோட்டன் இறந்துபோனார். பேஸியும் பஸ்டரும் சேர்ந்து ஒரு சிறு குழுவை அமைத்து ரீனோ கிளப்பில் உட்கார்ந்தார்கள். கான்சஸ் சிட்டி அப்போது டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தலைவரின் பிடியில் இருந்தது. மதுவிலக்குக் காலத்திலேயே அங்கே எதுவும் மூடவில்லை. சூதும் லஞ்சமும் பெருகிய அந்த ஊர்தான் நாடே வேலையில்லாமல் தவித்த நேரத்தில் இசைக்காரர்களுக்குச் சோறு போட்டது. 1939இல் வரி ஏய்ப்புக்காகப் பெண்டர்காஸ்ட் சிறைக்குப் போனதும் அந்த ஊரின் ராத்திரியும் அடங்கிவிட்டது.

1936 தொடக்கத்தில் ரீனோ கிளப்பிலிருந்து போன வானொலி ஒலிபரப்பை, சிகாகோவில் தன் காரில் இருந்தபடி ஜான் ஹாமண்ட் கேட்டார். புதிய கலைஞர்களைத் தேடி அலையும் பணக்கார ரசிகர், செல்வாக்குள்ளவர். கேட்டதும் மயங்கினார், எழுதினார், தானே நேரில் வந்தார். நியூயார்க், பெரிய அரங்கங்கள், இசைத்தட்டு என்று வாக்குறுதிகள் வந்தன. பஸ்டர் நம்பவில்லை. அதே சமயம் கிளாட் ஹாப்கின்ஸ் குழுவிலிருந்து கைமேல் சம்பளத்தோடு அழைப்பு வந்தது. அதற்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் எழுதுபவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெக்கா கம்பெனி பேஸியிடம் கையெழுத்து வாங்கியது: 24 பாட்டு, மொத்தம் 750 டாலர், விற்பனையில் ஒரு காசு பங்கு கிடையாது. விஷயம் தெரிந்த ஹாமண்டே கொதித்துப்போனார். மூன்று வருஷம் முன்னால் மலைநாட்டில் வாத்தியத்தைப் பறிகொடுத்துச் சரக்கு ரயில் ஏறிய ஒருவர், நகரத்துக்காரர்களின் வாய்ச்சொல்லைச் சந்தேகப்பட்டதில் என்ன தவறு? பேஸிக்குப் புகழ் வந்தது, நியாயமாகவே வந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பஸ்டரின் கணிப்பு சரியாகத்தான் இருந்தது. ஒருவர் தன் உழைப்புக்கு விலை கேட்டதை லட்சியக் குறைவு என்று நாம் படிக்கிறோம். சம்பளத்துக்கு வாசிக்கும் கலைஞனை நாம் எப்போதும் இப்படித்தான் படிக்கிறோம், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் கான்சஸ் சிட்டிக்கே திரும்பி வந்து சொந்தக் குழு வைத்தார். அதில் 1937 வாக்கில் ஒல்லியாக ஒரு பதினேழு வயதுப் பையன் ஆல்டோ வாசிக்க வந்து சேர்ந்தான். சார்லி பார்க்கர். ஊரில் பெரியவர்கள் வாசிக்கும் மேடைகளில் ஏறி அவமானப்பட்டுத் திரும்பியிருந்தவன். பஸ்டர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் தனி வாசிப்பில் பாதியை அவனுக்குக் கொடுத்தார். இவர் இரண்டு சுற்று வாசித்தால் அவனும் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மூச்சைக் கேட்டு, தினமும் ராத்திரி பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம் அது. எந்த இசைப் பள்ளியும் அதைத் தர முடியாது. இரட்டை வேகத்தில் ஓடி, சட்டென்று ப்ளூஸுக்குள் இறங்கும் அந்த நடையைப் பையன் வாத்தியாரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டான். பஸ்டரை அப்பா என்றே கூப்பிட்டான்.

1938இல் பஸ்டர் நியூயார்க்குக்கும் போய்ப் பார்த்தார். ‘போகவே இல்லை’ என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவது சரியல்ல. தனக்கு இடம் பிடித்துவிட்டுக் குழுவைக் கூப்பிட்டுக்கொள்வது திட்டம். ஆனால் அந்நகரத்து இசைத் தொழிலாளர் சங்கத்தில், வெளியூர்க்காரர் நிலையான வேலைக்குச் சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது விதி. கிடைத்த இடங்களில் எல்லாம் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 1939இல் ஒருநாள் பார்க்கர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரொம்ப நாள் செருப்பைக் கழற்றாமல் அலைந்ததில் கால்கள் வீங்கியிருந்தன. கொஞ்ச காலம் அவனுக்குப் படுக்க இடம் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜூன் 30 அன்று பியானோக்காரர் பீட் ஜான்சன், பாடகர் பிக் ஜோ டர்னர் ஆகியோரோடு பஸ்டர் பதிவு செய்த ‘செர்ரி ரெட்’ இன்றும் கிடைக்கிறது. பாடகரின் குரலுக்கு அடியில் ஓடும் ஆல்டோவைக் கவனியுங்கள். ஒரு சொல்லையும் மறைக்காது, ஒரு சொல்லையும் தனியாக விடாது.

1940களின் தொடக்கத்தில் டல்லஸுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அந்த வட்டாரத்திலேயே இருந்தார், வாசித்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இந்த ஐம்பது வருஷத்தை ஒரு பத்தியில் முடித்துவிடும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

ஏனென்றால் அவர் திரும்பிய காலம் குழுக்களைக் கொன்ற காலம். 1942 ஜனவரியில் போருக்காக டயருக்குப் பங்கீடு வந்தது, அந்த வருஷ முடிவில் பெட்ரோலுக்கும் வந்தது. சாலையை நம்பிய தொழில் சாலையிலேயே நின்றது. 1944இல் நடனக் கூடங்களுக்குக் கடும் வரி. போர் முடிந்ததும் தொலைக்காட்சி. பன்னிரண்டு பேர் குழு ஐந்து பேராகச் சுருங்கியது. எலெக்ட்ரிக் கிதார் முன்னால் வந்து நின்றது, ஜாஸ் இருந்த இடத்தில் ரிதம் அண்ட் ப்ளூஸ் வந்தது. பழைய டெரிட்டரி தலைவர்கள் பலர் வாத்தியத்தை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். பஸ்டர் எதை ஆட வேண்டுமென்று ஜனங்கள் கேட்டார்களோ அதை வாசித்தார். ஆல்டோவோடு கிளாரினெட், பியானோ, கிதார் எல்லாம் கைவசம் இருந்தன. குழுவுக்குப் பாட்டு எழுதினார், பையன்களுக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் குழுவில் தொழில் கற்ற டல்லஸ் பையன்களில் ஒருவர் டேவிட் ‘ஃபேட்ஹெட்’ நியூமன். 1954இல் ரே சார்லஸ் குழுவில் சேர்ந்து, அந்தக் குழுவின் சாக்ஸபோன் குரலாகவே ஆனவர். பருத்திக் காட்டு ஆல்டோகாரர் சொல்லிக் கொடுத்தது ஒருபக்கம் பார்க்கர் வழியாக நவீன ஜாஸுக்குள் போனது, மறுபக்கம் நியூமன் வழியாகச் சோல் இசைக்குள் போனது. இரண்டுக்கும் அவர் நியூயார்க்குக்குக் குடிபோக வேண்டியிருக்கவில்லை.

1959 ஜூனில் இசையமைப்பாளரும் ஆய்வாளருமான குந்தர் ஷுல்லர் அவரைத் தேடி டெக்சஸ் வந்தார். ஃபோர்ட் வொர்த் நகரில், ஊர்க்காரர்களையே வைத்து, அட்லாண்டிக் கம்பெனிக்காக ஒரு முழுத் தட்டைப் பதிவு செய்தார். பெயர் ‘தி லெஜண்டரி பஸ்டர் ஸ்மித்’. தன் சொந்தப் பெயரில் அவருக்கு அமைந்த ஒரே தட்டு. அப்போது அவருக்கு வயது 54. பார்க்கர் செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, 34 வயதில். லெஸ்டர் யங் அந்த மார்ச்சில்தான் போயிருந்தார். வால்டர் பேஜ் ஒன்றரை வருஷம் முன்பே. தட்டின் பெயரில் இருக்கும் ‘லெஜண்டரி’ என்ற அடைமொழி எனக்குப் பிடிப்பதில்லை. வாரத்தில் பல ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதரை அது பழங்கதையாக்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் இசைக்கு அந்தக் குறை இல்லை. சனிக்கிழமை நடனத்துக்கு வாசிக்கும் குழு ஒன்று, அதே சூட்டோடு பதிவுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது போலத்தான் கேட்கிறது.

பிற்காலத்தில் சாக்ஸபோனைக் கீழே வைக்க நேர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. பேஸ் கிதாரை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார். ஒரு குழுவில் தனி வாசிப்புக்குக் கைதட்டு வாங்கியவர், யாரும் திரும்பிப் பார்க்காத பேஸுக்கு மாறி, மற்றவர்களைத் தூக்கி நிறுத்தும் வேலையைச் செய்தார். 1991 ஆகஸ்ட் 10 அன்று டல்லஸில், 87 வயதை எட்ட இரண்டு வாரம் இருக்கும்போது இறந்தார்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். எல்லாமே இணையத்தில் கிடைப்பவை. முதலில் 1929ஆம் வருஷத்து ‘ஸ்குவாப்ளின்’. பதிவு கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1939 ‘செர்ரி ரெட்’. மூன்றாவதாக ஜே மெக்ஷான் குழுவின் ‘ஹூட்டி ப்ளூஸ்’. அதில் வரும் பன்னிரண்டு தாளக் கட்டு ஆல்டோ, இருபது வயது சார்லி பார்க்கருடையது. அவர் வாசிப்பு வெளியுலகத்துக்குத் தெரிய வந்த முதல் தட்டுகளில் ஒன்று. பதிவான தேதி 1941 ஏப்ரல் 30. பதிவான ஊர் டல்லஸ்.